வாவா பெடல் காதைக் குத்தினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தத்தைக் காலால் மிதித்து 'வா-வா' என்று பேசவைக்கும் பெட்டிதான் வாவா பெடல். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எங்கிருந்து கொண்டுவந்தாலும் புகார் ஒன்றுதான். "அண்ணே, வாவாவ மிதிச்சா காதக் கிழிக்குது. உள்ளுக்கு என்னமோ போயிருச்சு போல." கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே எதுவும் போயிருக்காது. ஆம்பின் ட்ரெபிள், அடப்டர், பெடல்களை மாட்டிய வரிசை, மேடையில் மிக்ஸருக்கு நேரே குத்திய கேபிள், இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதனால் பெடலின் அடித்தட்டைக் கழற்றும் வேலை இந்த வழிமுறையில் பிந்தித்தான் வரும். காசு செலவில்லாததை முதலில் பாருங்கள், சோல்டரிங் அயனைக் கடைசியில் எடுங்கள்.

இங்கே சொல்வது க்ரை பேபி, வாக்ஸ் வகையிலான சாதாரண வாவாவுக்கு. மேலே மிதிபலகை, அதன் கீழே பல்சக்கரம் பூட்டிய ஒரு பொட் (வால்யூம் குமிழுக்குள் இருப்பது போன்ற, சுற்றினால் மின்தடை மாறும் பாகம்), விரல் பக்கம் ஒரு சுவிட்ச், உள்ளே இரண்டு டிரான்சிஸ்டரும் இன்டக்டர் என்ற ஒரு கம்பிச்சுருளும். 1967இல் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. மலிவு விலைப் பெடல்கள் பலவற்றிலும் இதே சுற்றுதான். பொட்டுக்குப் பதிலாக ஒளி உணரி வைத்த வகை என்றால் பொட், பல்சக்கரம் பற்றிச் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: புதிய 9 வோல்ட் பெட்டரி ஒன்று, நல்லது என்று தெரிந்த கேபிள் இரண்டு, ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சாதாரண மல்டிமீட்டர்.

## எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை

கிட்டார், வாவா, ஆம்ப். இடையில் வேறு ஒன்றும் வேண்டாம். அடப்டரைக் கழற்றிவிட்டுப் புதிய பெட்டரியைப் போடுங்கள். ஆம்பை கிளீன் சனலில் வைத்து, ட்ரெபிள், மிட், பேஸ் மூன்றையும் நடுவில் நிறுத்துங்கள். பிரசன்ஸ் என்ற கூர்மைக் குமிழ் இருந்தால் அதை முழுதாகக் குறைத்துவிடுங்கள். கிட்டாரில் கழுத்துப் பக்கப் பிக்கப்பைத் தெரிவுசெய்து, ஒரு கோர்டை அடித்துவிட்டு மிதிபலகையைக் குதிகாலிலிருந்து விரல் வரை மெதுவாக, நாலைந்து எண்ணும் நேரம் எடுத்து நகர்த்துங்கள்.

குத்தல் போய்விட்டதா? பெடல் நல்லபடியாக இருக்கிறது. கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் குத்தல் திரும்புகிறதோ, அதைப் பற்றிய அறிகுறிக்குப் போங்கள்.

விரல் பக்கம் போகும்போது மட்டும் குத்துகிறதா? அறிகுறி 2.

பலகை அசையும்போது கரகரக்கிறதா? அறிகுறி 5.

எந்த நிலையிலும் ஒரே மாதிரி மெலிந்து, மூக்கால் பேசுவது போல இருக்கிறதா? அறிகுறி 7.

இந்தச் சோதனையைத் தாண்டாமல் பெடலைத் திறக்க வேண்டாம். பெட்டரி போட மட்டும் அடித்தட்டைக் கழற்ற நேரிட்டால், போட்டுவிட்டு உடனே மூடிவிடுங்கள்.

## அறிகுறி 1: வீட்டில் நன்றாக இருக்கிறது, மேடையில்தான் குத்துகிறது

நம் பக்கத்தில் அதிகம் காண்பது இதுதான். தோட்டத்துத் திருவிழாவுக்கும் சர்ச் ஹோலுக்கும் ஆம்பைத் தூக்கிக்கொண்டு போக வசதிப்படாது. சவுண்ட்காரர் மிக்ஸரில் ஒரு சொக்கெட்டைக் காட்டுவார், பெடலிலிருந்து வரும் கேபிளை அதிலேயே குத்திவிடுவோம்.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தத்தை வேகமாகக் குறைத்துவிடும். மேடையில் நிற்கும் பெரிய பொக்ஸ் அப்படிக் குறைக்காது. அதன் ஹோர்ன், மேலே உள்ள அத்தனையையும் கூட்டத்தின் முகத்தில் அப்படியே கொட்டும். வாவாவோடு, சத்தத்தைக் கரடாக்கும் டிஸ்டோர்ஷன் பெடலும் சேர்ந்துவிட்டால் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டில் சின்ன ஆம்பில் கேட்டது ஸ்பீக்கர் வடிகட்டிக் கொடுத்த சத்தம். மேடையில் கேட்பது வடிகட்டாதது.

செலவில்லாத வழி முதலில். மிக்ஸரில் உங்கள் சனலின் ஹை குமிழைக் கடிகாரத்தின் 9 மணி நிலைக்குக் குறைக்கச் சொல்லுங்கள். மிட் அதிர்வெண்ணை நகர்த்தக்கூடிய மிக்ஸர் என்றால் 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கொண்டுபோய்க் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். சவுண்ட்காரரிடம் "சத்தத்தக் குறைங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வால்யூமைக் குறைப்பார், குத்தல் அப்படியே இருக்கும். எந்தக் குமிழ் என்று சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது கேபிள் குத்தும் இடம். மிக்ஸரின் சாதாரண லைன் சொக்கெட் கிட்டாருக்கு ஏற்றதில்லை. கிட்டார் படம் போட்ட சொக்கெட்டோ, அருகில் அதற்கென்று ஒரு பொத்தானோ இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால், கிட்டாரின் சமிக்ஞையை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ஒரு டிஐ பொக்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் பொக்ஸின் குணத்தைப் போலி செய்யும் வசதி, அதாவது கெப் சிமுலேஷன், உள்ள டிஐ என்றால் ஒரே சாமானில் இரண்டு பிரச்சினையும் தீரும். பழைய மல்டி எஃபெக்ட் ஒன்று வீட்டில் கிடந்தால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கெப் சிமுலேஷனை மட்டும் போட்டு, வரிசையின் கடைசியில் மாட்டுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டி வராது.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விட நல்லது, வீட்டிலிருக்கும் 10, 15 வோட்ஸ் ஆம்பைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் வைத்து, முன்னால் ஒரு மைக்கை நிறுத்துவதுதான். மைக் ஸ்பீக்கரின் நடு மையத்தைப் பார்க்கக் கூடாது, அங்கேதான் கூர்மை அதிகம். விளிம்புப் பக்கமாகத் தள்ளி வையுங்கள். ஒரு அங்குலம் நகர்த்தினாலே சத்தம் மாறுவது கேட்கும்.

## அறிகுறி 2: விரல் பக்கம் அழுத்தும்போது மட்டும் குத்துகிறது

வாவாவின் வேலையே, விரல் பக்கம் போகப் போகச் சத்தத்தின் உச்சத்தை மேலே ஏற்றுவது. சாதாரணப் பெடலில் அந்த உச்சம் அடியில் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்குப் போகும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே விரல் பக்கத்தில் கொஞ்சம் கூர்மை இருப்பது இயல்பு. தாங்க முடியாமல் இருந்தால் மட்டும் கீழே உள்ளபடி வரிசையாகப் பாருங்கள்.

பிரிட்ஜ் பிக்கப். சிங்கிள் கோயில் பிரிட்ஜ் பிக்கப்பும் முழு விரல் அழுத்தமும் சேர்ந்தால் எந்தப் பெடலும் கத்தும். கழுத்துப் பிக்கப்புக்கு மாறுங்கள், அல்லது கிட்டாரின் டோன் குமிழை 6, 7க்கு இறக்குங்கள். வாவா போட்டதும் டோனைக் குறைக்கும் பழக்கம் ஒன்றே பலருடைய பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது.

ஆம்ப் பார்க்கும் திசை. லயன் அறையிலோ சின்ன வீட்டிலோ ஆம்பைத் தரையில் வைத்து, நின்றபடி வாசிக்கிறோம். கூர்மையான சத்தம் ஸ்பீக்கரின் நேர்கோட்டில்தான் போகும். அது உங்கள் முழங்காலுக்குப் போகிறது, காதுக்கு வருவதில்லை. அதனால் ட்ரெபிளை ஏற்றி வைத்திருப்பீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் அவதிப்படுவார். ஆம்பைச் சாய்த்து வைத்துக் காதுக்கு நேராக்கிவிட்டு ட்ரெபிளை மறுபடி அமையுங்கள்.

பலகை தானாக விழுவது. காலை எடுத்ததும் மிதிபலகை விரல் பக்கமாகச் சாய்ந்தால், நீங்கள் அழுத்தாமலே உச்சத்தில் நிற்கும். கீல் பக்கம் இருக்கும் இறுக்க நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். வைத்த இடத்தில் பலகை நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் இறுக்கினால் கால் வலிக்கும், பற்கள் தேயும்.

விரல் பக்க ரப்பர். பலகையின் அடியில், சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருக்கும் ரப்பர் அல்லது ஃபெல்ட் துண்டைப் பாருங்கள். பழைய பெடல்களில் அது தட்டையாகி நடுவில் சுவிட்சின் வட்டம் அச்சாகப் பதிந்திருக்கும். சில பெடல்களில் அது விழுந்தே போயிருக்கும். ரப்பர் தேய்ந்த அளவுக்குப் பலகை கூடுதலாக இறங்கும், பொட் கூடுதலாகச் சுற்றும், சத்தம் கூடுதலாக ஏறும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் போதும். சுவிட்ச் இன்னும் 'டிக்' என்று விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் துண்டு தடிப்பு, மெல்லியதாக மாற்றுங்கள்.

பல்சக்கரம். மேலே உள்ளவை எதுவும் உதவாவிட்டால் இப்போது பெடலைத் திறக்கலாம். அடித்தட்டில் நான்கு ஸ்க்ரூ. திறந்ததும் பலகையோடு இணைந்து மேலும் கீழும் போகும் பல்வைத்த ஒரு சட்டமும், பொட்டின் தண்டில் பூட்டிய பல்சக்கரமும் தெரியும். வாவாவின் வீச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை, இவை இரண்டும் எந்தப் பல்லில் கடித்து நிற்கின்றன என்பதுதான் தீர்மானிக்கிறது. யாராவது முன்பு திறந்து மூடியிருந்தால் ஓரிரு பல் தள்ளிப் பூட்டியிருக்க வாய்ப்புண்டு.

எதையும் அசைக்கும் முன் சட்டத்தில் ஒரு புள்ளியும், அதைத் தொடும் சக்கரப் பல்லில் ஒரு புள்ளியும் நகப்பூச்சால் வையுங்கள். திரும்பி வரும் வழி அதுதான். பிறகு சட்டத்தைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் கிளிப்பைத் தளர்த்தி, சட்டத்தை மெல்ல விலக்கி, சக்கரத்தை ஒரே ஒரு பல் நகர்த்தி மறுபடி சேருங்கள். எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டாம். வாசித்துப் பாருங்கள். விரல் பக்கம் தணிந்து குதிகால் பக்கம் இன்னும் ஆழமானால் சரியான பக்கம். மோசமானால் மறுபக்கம் நகர்த்துங்கள். ஒரு பல்லில் கேட்கும் மாற்றமே போதுமானதாக இருக்கும், இரண்டு பல்லுக்கு மேல் தேவைப்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

மூடும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பலகை அதன் இரண்டு முனையையும் தொடும்போது பொட் அதற்கு முன்பே தன் எல்லையில் முட்டி நிற்கக் கூடாது. முட்டினால் உங்கள் உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்னத் தண்டின் மேல் இறங்கும். பொட் உடைவது அப்படித்தான்.

## அறிகுறி 3: அணைத்தால் மந்தம், போட்டால் கத்தல்

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. பழைய வடிவமைப்பிலான வாவாக்களில், அணைத்த பிறகும் கிட்டாரின் சமிக்ஞை பெடலின் உள்சுற்றைத் தொட்டபடியே போகும். அது ட்ரெபிளில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அணைத்த நிலையில் சத்தம் மந்தமாக இருப்பதால் நீங்கள் ஆம்பில் ட்ரெபிளை ஏற்றுவீர்கள். பிறகு வாவாவைப் போட்டால் ஏற்றி வைத்த ட்ரெபிளும் வாவாவின் உச்சமும் சேர்ந்து காதைப் பிளக்கும். ஒவ்வொரு தடவையும் பெடலைத்தான் திட்டுவோம்.

சோதனை எளிது. வாவாவை அணைத்து வாசியுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு கிட்டாரை நேரே ஆம்பில் குத்தி, குமிழ்களைத் தொடாமல் அதையே வாசியுங்கள். நேரே குத்தியபோது சத்தம் தெளிவாகத் துலங்கினால் சந்தேகமில்லை, இதுதான்.

முதலில் கேபிளைப் பாருங்கள். நீளமான மலிவுக் கேபிளும் ட்ரெபிளைத் தின்னும். கிட்டாரிலிருந்து வாவாவுக்கு 3 மீற்றர் போதும் என்றால் 6 மீற்றர் கேபிளைப் போட வேண்டாம். அடுத்து, வாவாவுக்கு முன்னால் பஃபர் (சமிக்ஞை பலவீனமாகாமல் கடத்திவிடும் சிறு சுற்று) உள்ள ஒரு பெடலை வையுங்கள். பொஸ் டியூனர் போன்றவை அணைத்த நிலையிலும் பஃபராக வேலை செய்யும், வரிசையின் முதலில் அதை வைத்தாலே மந்தம் போய்விடும். நிரந்தரமான வழி சுவிட்சை மாற்றி ட்ரூ பைபாஸ் ஆக்குவது, அதாவது அணைத்ததும் சமிக்ஞை உள்சுற்றைத் தொடாமல் நேரே போகச் செய்வது. அதற்கு வேறு வகைச் சுவிட்சும் சோல்டர் வேலையும் வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் ரேடியோ திருத்தும் கடையில் கொடுங்கள். எந்த வழியானாலும், முடிந்த கையோடு ஆம்பின் ட்ரெபிளை இறக்க மறக்க வேண்டாம். இறக்காவிட்டால் இப்போது அணைத்த நிலையிலும் குத்தும்.

## அறிகுறி 4: டிஸ்டோர்ஷனோடு சேர்த்தால் மட்டும் குத்துகிறது

வரிசையைப் பாருங்கள். கிட்டார், வாவா, பிறகு டிஸ்டோர்ஷன் என்று வைத்தால் வாவா பாடுவது போல வாய் திறந்து மூடும், டிஸ்டோர்ஷன் அதன் கூர்மையைச் சமப்படுத்திவிடும். டிஸ்டோர்ஷனுக்குப் பிறகு வாவாவை வைத்தால் வீச்சு அகலமாகவும் கூர்மையாகவும் கேட்கும். வேண்டுமென்றே அப்படி வைப்பவர்களும் உண்டு. குத்தல் பிடிக்கவில்லை என்றால் முன்னால் கொண்டுவாருங்கள். கேபிளை மாற்றிக் குத்தும் வேலைதான்.

முன்னால் வைத்தும் கத்தினால் டிஸ்டோர்ஷனில் கெயினைக் கால் பங்கு குறையுங்கள். வாவாவின் உச்சமே சமிக்ஞையைத் தூக்கிக் கொடுப்பதால், வாவா இல்லாமல் வைத்த அதே கெயின் இப்போது அளவுக்கு மிஞ்சியது.

டிஸ்டோர்ஷனின் பழைய, இன்னும் கரடான வகையான ஃபஸ் பெடல் என்றால் கதை வேறு. ஃபஸ் ஃபேஸ் வகையிலான பழைய சுற்றுகள், முன்னால் உள்ள வாவாவின் மேல் பெரிய சுமையாக விழும். வீச்சு சுருங்கிவிடும், விரல் பக்கம் ஒரு கீச்சு அல்லது ஊளை மட்டும் கேட்கும். பெடல் பழுதாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஃபஸ்ஸை முன்னாலும் வாவாவைப் பின்னாலும் மாற்றிப் பாருங்கள். ஊளை உடனே நிற்கும். அந்த வரிசையில் கூர்மை கூடினால் கிட்டாரின் வால்யூமை 8க்குக் குறையுங்கள், இவ்வகை ஃபஸ் அதற்கு அழகாக வளைந்துகொடுக்கும். வாவாதான் முன்னால் வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடையில் ஒரு பஃபர் வைக்கலாம். ஆனால் பஃபருக்குப் பின்னால் வரும் ஃபஸ் தானே கரடுமுரடாகிவிடுவதுண்டு. வரிசையை மாற்றுவதைத்தான் நான் சொல்வேன்.

## அறிகுறி 5: பலகை அசையும்போது கரகர, பொறபொற

மலைநாட்டுக் காற்றின் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவ மழை. டிசம்பர், ஜனவரியில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வடகீழ் மழை. நுவரெலியாவில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். மூலையில் கிடக்கும் பெடலின் ஜாக்கில் வெண்மையாகப் பூத்திருக்கும், பெட்டரி கிளிப்பில் பச்சைத் தூள் கட்டியிருக்கும். விறகடுப்புப் புகை படியும் வீடு என்றால் பொட்டுக்குள் ஒரு பிசுபிசுப்பும் சேரும்.

முதலில் கரகரப்பு எங்கிருந்து என்று பிரியுங்கள். பலகையைத் தொடாமல் கேபிளின் தலையை மட்டும் ஜாக்கில் திருகுங்கள். அப்போதே கரகரத்தால் ஜாக். பொட்டைத் தொட வேண்டாம். கேபிளை இருபது தடவை குத்தி இழுத்தாலே லேசான பூஞ்சணம் உரசிப் போகும். மிச்சத்துக்குக் கொண்டாக்ட் கிளீனரைக் கேபிள் தலையில் அடித்துக் குத்தி எடுங்கள். ஜாக்கின் நாக்கு தளர்ந்திருந்தால் பெடலைத் திறந்து மெல்ல உள்ளே வளைத்துவிடுங்கள்.

பலகை அசைவில் மட்டும் என்றால் பொட். பொட்டின் உடம்பில், மூன்று கால்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அதற்குள் கொண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு அளவு அடித்து, பலகையை ஐம்பது தடவை முழுதாக ஆட்டுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40ஐ இதற்குப் பாவிக்க வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, தூசியைப் பிடித்து, சில வாரத்தில் முன்பைவிட மோசமாகும். அதே பெயரில் கொண்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஒன்று வருகிறது. போத்தலில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

சுத்தம் செய்தும் அடுத்த நாளே கரகரப்பு திரும்பினால் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி வோல்டில் வைத்து, பெடலுக்கு மின் கொடுத்து, பொட்டின் நடுக் காலுக்கும் பெடலின் உடம்புக்கும் இடையில் அளவிடுங்கள். பூஜ்யமாக இருக்க வேண்டும். பலகையை ஆட்டும்போது வோல்டேஜ் ஏறி இறங்கினால் பொட்டோடு இணைந்த கெப்பாசிட்டர் ஒன்று கசிகிறது. பொட்டை எத்தனை தடவை கழுவினாலும் போகாது. கெப்பாசிட்டரின் விலை சொற்பம், மாற்றும் கை மட்டும் தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

மீட்டர் பூஜ்யம் காட்டியும் கரகரத்தால் பொட் தேய்ந்துவிட்டது. புதிது போட வேண்டும். இங்கே ஒரு கவனம். ரேடியோ கடையில் கிடைக்கும் சாதாரண 100 கே (கிலோஓம்) வால்யூம் பொட் பார்க்க ஒன்று போலிருக்கும், வீச்சு ஒன்று போலிருக்காது. வாவாவின் பொட் தனி வளைவில் செய்யப்பட்டது. சாதாரணமானதைப் போட்டால் மாற்றம் முழுவதும் பலகையின் ஒரு முனையில் திடீரென்று நடக்கும். கரகரப்பு போய்க் குத்தல் வந்து சேரும். வாவாவுக்கென்றே விற்பதைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் போடுவது மேல்.

பெடலை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா பைகளோடு வைத்தால் இந்த அறிகுறி அடிக்கடி வராது. பல மாதம் பாவிக்காவிட்டால் பெட்டரியைக் கழற்றி வையுங்கள்.

## அறிகுறி 6: உறுமல், சீழ்க்கை, ரீங்காரம்

பெட்டரியில் மறைந்துவிட்டால் அடப்டர்தான். சந்தையில் விற்கும் பழைய மாதிரிப் பாரமான அடப்டரில் '9V' என்று எழுதியிருக்கும். ஆனால் வாவா இழுக்கும் மின்னோட்டம் மிகவும் சொற்பம். சுமை குறைவாக இருந்தால் அந்த அடப்டர் 12, 13 வோல்ட் கூடக் கொடுக்கும். மீட்டரை வைத்தால் நீங்களே பார்க்கலாம். அதோடு 100 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்து வரும். கைத்தொலைபேசி சார்ஜர் போன்ற பாரமில்லாத மலிவு அடப்டர் என்றால் உறுமலுக்குப் பதில் மெல்லிய சீழ்க்கை. பெடலுக்கென்றே செய்த ரெகுலேட்டட் அடப்டர் வாங்குங்கள். நடுமுனை நெகட்டிவ்தானா என்று பெடலின் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் குத்துங்கள். மாறிப் போனால் உள்ளே பாகங்கள் கருகலாம். கடைசியில் கேபிளையும் சொல்ல வேண்டும்: வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கேபிளை எடுக்காவிட்டால் பெட்டரி இறங்கிக்கொண்டேயிருக்கும்.

பெட்டரியிலும் உறுமினால் பெடலைக் கையில் எடுத்துத் திசை மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் இன்டக்டர் பக்கத்திலுள்ள டிரான்ஸ்போமரின் காந்தப் புலத்தை வாங்கிக்கொள்ளும். திருப்பத் திருப்ப உறுமல் கூடிக் குறைந்தால் அதுதான். அடப்டர், மல்டி பிளக், ஆம்ப் ஆகியவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே தீரும்.

திருவிழா மேடையில் ஜெனரேட்டரோ, கரண்ட் போனால் பாவிக்கும் இன்வெர்ட்டரோ ஓடினால் கரகரப்பான ரீங்காரம் வருவதுண்டு. பெடலில் செய்ய ஒன்றுமில்லை, பெட்டரியில் ஓட்டுங்கள்.

வாசிக்கும்போது கம்பியிலோ, மைக்கில் உதடு படும்போதோ 'சுரீர்' என்று பிடித்தால் உடனே நிறுத்துங்கள். எர்த் இல்லை, அல்லது எங்கோ கசிவு. பெடல், கேபிள் எதையும் ஆராய வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பழைய லயன் வயரிங்கில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாசிக்கவே தொடங்க வேண்டும்.

## அறிகுறி 7: எந்த நிலையிலும் மெலிந்து, மூக்கால் பேசுவது போல

புதிதாக வந்த மாற்றமா, வாங்கியதிலிருந்தே இப்படியா என்று முதலில் யோசியுங்கள்.

திடீரென்று வந்தால் பெட்டரியை மாற்றுங்கள். புதியது 9 வோல்டுக்கு மேல் காட்டும், 7க்குக் கிட்ட இறங்கியது என்றால் சத்தம் சிதையும். பெட்டரி சரி என்றால் திறந்து நல்ல வெளிச்சத்தில் போர்டைப் பாருங்கள். இன்டக்டரின் கால்களும் ஜாக்குக்குப் போகும் வயர்களும் சோல்டரில் அசைகிறதா என்று மரக்குச்சியால் தொட்டுப் பாருங்கள். சோல்டர் புள்ளியைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டக் கீறல் தெரிந்தால் அதை மறுபடி சூடாக்கிக் கொஞ்சம் புதிய ஈயம் வைத்தால் போதும்.

வாங்கியதிலிருந்தே இப்படி என்றால் அது பெடலின் குணம். மாற்றலாம். இன்டக்டருக்குக் குறுக்கே 33 கே ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை 22 கே ஆக்கினால் உச்சம் மழுங்கி, மூக்குத்தன்மை குறையும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் என்ற காலிலிருந்து எர்த்துக்குப் போகும் ரெசிஸ்டர் 390 ஓம் என்றால் 470 ஓம் போடலாம், பெடல் சத்தத்தைத் தூக்கும் அளவு தணியும், பேஸும் சற்றுக் குறையும். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கழற்றிய ரெசிஸ்டரைப் பெடலின் உள்ளேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

இன்டக்டரை மாற்றுவது கடைசி. விலை கூடியது, இங்கே கிடைப்பதும் கஷ்டம். விற்பவர்கள் பெரிதாகப் புகழ்வார்கள். ரெசிஸ்டர் மாற்றத்தில் கிடைக்கும் வித்தியாசம் அதைவிடத் தெளிவாகக் கேட்கும் என்பதே என் அனுபவம்.

## எப்போது கையை எடுத்துவிட்டுக் கடைக்குக் கொடுக்க வேண்டும்

இடி மின்னலுக்குப் பிறகு சத்தமே இல்லை. அடப்டரை மாற்றிக் குத்தியதும் கருகிய மணம் வந்தது. போர்டில் செப்புக் கோடு பெயர்ந்துவிட்டது. பொட்டில் டிசி வோல்டேஜ் இருக்கிறது, சோல்டர் பழக்கம் இல்லை. இவற்றில் எதுவானாலும் மேலும் நோண்ட வேண்டாம். சந்தேகம் ஆம்பின் உட்பக்கம் போனால், அதுவும் வால்வ் ஆம்ப் என்றால், திறக்கவே கூடாது. மெயினைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

வாவா பெடலையே கண்டிராத ரேடியோ திருத்துபவரும் இந்த வேலையைத் தாராளமாகச் செய்வார், இரண்டு டிரான்சிஸ்டர் சுற்று அவருக்குப் புதிதில்லை. ஆனால் கொடுக்கும்போது ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்: எந்த அறிகுறி, பெட்டரியிலும் வருகிறதா, எந்தப் பாகத்தை இதுவரை தொட்டீர்கள், மீட்டர் என்ன காட்டியது. "பொட்டை மாற்ற வேண்டி வந்தால் என்னைக் கேட்காமல் மாற்ற வேண்டாம், பல்சக்கரத்தின் புள்ளிகளை அதே இடத்தில் சேர்க்கவும்" என்றும் எழுதுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே கிட்டாரைக் குத்தி, பலகையை இரண்டு முனைக்கும் ஆட்டிக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.